நாற்பத்தோராவது ஆள்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடினால்
எங்கள் அறைக்குள் லாரி ஹாரன் வரும்.
முதல் வாரம் அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.
காலையில் கல்லூரிப் பிள்ளைகள்,
பதினொன்றரைக்கு மேல் கொள்முதல் நிலையத்துச் சுமைக்காரர்கள்
என்று வரிசை போட்டிருந்தேன்.
யார் கவனம் ஏன் சிதறியது என்று
கேட் கீப்பரைத்தான் கேட்க வேண்டும்.
இருபத்திரண்டு பேரின் அளவுகளை ஒதுக்கிவைத்தேன்.
பூ விழுந்தால் காலை, தலை விழுந்தால் மதியம்.

வேலை இதுதான்:
திரையில் ‘சிவப்பு’ என்ற சொல்
நீல நிறத்தில் வரும்.
சொல்லை விட்டுவிட்டு நிறத்தைச் சொல்ல வேண்டும்.
நாக்கு சிவப்புவரை போய்த்தான் திரும்பும்.
அந்தப் போக்குவரத்து நேரத்தை அளக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

சுமைக்காரர்கள் தடுமாறவே இல்லை.
கூச்சலுக்கு நடுவே மூட்டை எண்ணிப் பழகிய மனசு
என்று கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.
ஹாஜிரா வந்து எட்டிப் பார்த்தாள்.
“இவங்கள்லாம் எத்தனாவது வரைக்கும் படிச்சவங்க?”
கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

எழுத்துக் கூட்டிப் படிப்பவரை
எழுத்து எப்படி இழுக்கும்?
நின்ற வண்டியில் உட்கார்ந்து
பிரேக்கைப் புகழ்ந்திருக்கிறேன்.

எல்லோருக்கும் படிக்கும் வேகத்தை முதலில் அளந்தேன்.
சொல்லோடு வாத்துகளையும் சேர்த்தேன்,
தாளடி அறுத்த வயலில் மேய்வது போல
வரிசையாய் ஐந்து;
நடு வாத்து எந்தப் பக்கம் பார்க்கிறது?
இடமும் வலமும் சரிபாதி.
யாரை நீக்கலாம் என்பதை
ஒருவரும் வருமுன்பே எழுதித் தேதி போட்டு
ஹாஜிராவிடம் கொடுத்தேன்:
தூங்கியவர், நிறம் பிரித்தறியாதவர்,
பாதியில் எழுந்து போனவர்.

நாற்பத்தோராவதாய் வந்தார் பச்சைமுத்து.
தினசரியை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்.
மற்ற சொற்களில் அம்பு மாதிரி போனார்.
‘பச்சை’ வரும்போது மட்டும்
யாரோ வாசலில் கூப்பிட்டது போல
அரை நொடி நின்றார்.
வீட்டில், லாரி மேல், எடைமேடையில்
ஐம்பது வருஷமாய் அவர் பச்சைதான்.

அவர் ஒருவரை எடுத்துவிட்டால்
என் கோடு நேராகிவிடும்.
நான் எழுதிக் கொடுத்த தாளில்
பெயர்களைப் பற்றி ஒன்றுமில்லை.
விளைந்த பிறகு வரப்பைத் தள்ளிப்போட்டால்
இந்த ஊரில் அதற்கு வேறு பேர்.

கோடு கோணலாகவே இருக்கிறது.
அடுத்த முறை
பெயரைக் கேட்ட பிறகே சொற்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்
என்று அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது
கேட் மூடினார்கள்.
நான் நிமிரவில்லை என்று சொல்ல
ஆசைதான்.