முரசு

பீல் நகரில் எங்கள் குசினியில்
தண்ணியும் கோலாவும் வேலையாட்களுக்குச் சும்மா.
பதினொரு வருசம்
தண்ணியை நான் தொடவில்லை.

அடுப்பு வெக்கைக்கு ஒன்று.
உர்ஸ் கத்தினால் ஒன்று.
லீஸ் போகும் கடைசி ரயிலை விட்டுவிட்டால்
மேடையில் குந்தியிருந்து
மிடறு மிடறாய் இன்னொன்று,
விடியும்வரை காணவேண்டுமே.

பல்லு டொக்டர் கண்ணாடியைச் சரித்துக் காட்டினாள்.
"ஒரே மூச்சில் குடித்திருந்தால்கூடப் பரவாயில்லை,
நீங்கள் நாள் முழுக்கப் பல்லை
அதற்குள் ஊறப்போட்டிருக்கிறீர்கள்."
மாங்காயா இது, ஊறப்போட?

ஈறை நாங்கள் முரசு என்போம்.
ஏனென்று முந்தநாள்
இரவு இரண்டு மணிக்குத்தான் விளங்கியது:
அறைந்துகொண்டே இருந்தது,
எவனுடைய ஆணையையோ
என் தலைக்குள் சொல்லிச் சொல்லி.

காப்புறுதி உடம்புக்குத்தானாம்,
பல்லு உடம்பில் சேர்த்தியில்லை.
நாலாயிரத்து அறுநூறு பிராங்,
சும்மா கிடைத்ததற்கு.

இன்று குளிர்பெட்டியைத் திறந்தேன்.
சிவப்புத் தகரங்கள் வரிசையாய், வேர்த்தபடி.
கை தானாகப் போனது.
இழுத்தெடுத்துத்
தண்ணிப் போத்தலைத் திறந்தேன்.

அதுவும் கூசியது.