மற்றவை

முதலில் அதன் முகத்தை எடுத்தேன்.
பிரவுசரோடு பிறந்த சாம்பல் பெட்டி அது,
ஓரத்தில் ஒரு கறுத்த அம்பு,
போனுக்கு ஒரு கோணல்.

கொல்லவில்லை.
கொன்றால் படிவம் எதையும் கொண்டுபோகாது.
ஒரே பிக்சலாக மடித்து
மூலையில் ஒளித்துவைத்துவிட்டு
அதற்கு மேலே என் பட்டியலை வரைந்தேன்.
தொட்டால் இருநூறு மில்லிவிநாடியில் இறங்கும்,
சுளகில் சரியும் குருணை மாதிரி.
மூலைகளுக்குப் பன்னிரண்டு பிக்சல் வளைவு.
யார் எதைத் தேர்ந்தாலும்
உள்ளே கிடக்கிற பழையதன் காதில்தான் போய்ச் சொல்லும்.
பதில் அதனுடையது. பவுசு என்னுடையது.

பெருமாள்புரம், இரண்டாம் மாடி,
ஏசி சொட்டும் வாளிக்குப் பக்கத்து மேசை.
நாலு நாள் ஆனது இதற்கு.
மசூது எட்டிப்பார்த்து
"மொழுமொழுன்னு இருக்கு" என்றான்.
அன்றைக்கு ரோஸ்மில்க் அவன் கணக்கு.

பீடி சுற்றுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு
ஒரு அறக்கட்டளை தருகிற படிப்புதவி.
பதினோராவது கேள்வி:
மாணவருக்கு நீங்கள் என்ன உறவு?
தாய், தந்தை, அண்ணன், அக்கா,
மாமா, அத்தை, சித்தி,
மற்றவை.

முக்கூடலிலிருந்து உய்க்காட்டான் அண்ணாச்சி கூப்பிட்டார்.
பிரவுசிங் சென்டர். கண் மங்கல்.
எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிற மானிட்டர்.
"ஏம்மா, ஒங்க பெட்டி நல்லாத்தான் தொறக்கு.
சித்தியோட நின்னுபோவுது.
அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லையா?"

இருக்கு அண்ணாச்சி, இன்னொரு வரி இருக்கு.

"இங்க இல்ல. இந்தா, சண்முகக்கனின்னு ஒரு அம்மா வந்துருக்காவ.
பையன் பேரு சாமுவேல் துரை.
பெத்தவ திருப்பூருக்குப் போனவ, போனவதான்.
இவிய பக்கத்து வீடு.
ஆறு வருசமா சோறு இங்கதான், படுக்கை இங்கதான்.
எதையாவது அமுக்கணும்லா?
தாய்னு அமுக்கிட்டேன்."

வளைந்த மூலையை விட்டு எதுவும் துருத்தக் கூடாதென்று
மிஞ்சுவதை மறை என எழுதியிருந்தேன்.
என் திரையில் எட்டு வரியும் அடங்கின.
அவர் திரையில் எழுத்து பருத்து
எட்டாவது வரி
கட்டிலுக்கடியில் போன செருப்பாகிவிட்டது.

மூன்று மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தேன்.
அறுநூற்றுச் சொச்சம் படிவம்.
மற்றவை, நாலே நாலு.
சித்திகள் மட்டும் நூற்றுப் பத்து.
அத்தனை சித்திகளில் எத்தனை பேர் சித்தி?

"அது அப்படியே இருக்கட்டுமே" என்றேன்.
போனை வாங்கி அந்த அம்மாவே பேசியது.
"இருந்தா ரேசன் கார்டு கேப்பாவ.
என் கார்டுல அவன் பேரு இல்ல.
பொய்யின்னு தள்ளிருவாவ.
மாத்திருங்க தாயி."

டேபிளைத் திறந்து, அவருடைய வரிசையில்
ஒன்றை அழித்து எட்டு அடித்தேன்.
சேமிக்கவா என்று கேட்டது.
ஒரு எண்தான்.

அன்று சாயங்காலமே
என் பட்டியலைத் தூக்கிவிட்டு
மடித்துவைத்த பழையதைப் பிரித்துப் போட்டேன்.
சாம்பல் பெட்டி, கறுத்த அம்பு.
எட்டு வரியும் தெரிந்தன, எந்தக் கண்ணுக்கும்.
மற்றவையைத் தொட்டால் பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்,
எத்தனை எழுத்து வேண்டுமானாலும் கொள்ளும்.

"என்னது, இப்படி மூளியா வச்சுட்ட?"
மசூது கேட்டான்.
வாளி நிரம்பியிருந்தது.
கொட்டிவிட்டு வர எழுந்து போனேன்.