எட்டு மூலைக் கறுப்பு

சிலியின் சான் அந்தோனியோ துறைமுகத்தில்
ஏழாம் எண் கிடங்கில் எனக்கு வேலை.
கடல் தாண்டி பிஸ்கட் வந்திறங்கும்.
ஒவ்வொரு பாக்கெட்டின் நெற்றியிலும்
கறுப்பு எண்கோணம் ஒட்டவேண்டும்.
கண் படாதிருக்க வைக்கிற பொட்டு அல்ல,
கண்ணில் படுவதற்கென்றே வைப்பது.
சர்க்கரை அதிகம். கொழுப்பு அதிகம். உப்பு அதிகம்.
மணிக்கு நானூறு பாக்கெட்.
ஒட்டத்தான் நேரம்,
படிக்க யாருக்கு நேரம்?

அட்டையில் கரடி சிரித்தால்
கரடியின் மேலேயே ஒட்டச் சொல்வாள்
மேற்பார்வைக்கு வரும் ஓர்தென்சியா.
எத்தனை கரடிகளின் வாயை
இந்தக் கட்டைவிரல் அடைத்திருக்கிறது!

ஏப்ரலில், லாரியைப் பாதி வழியில் நிறுத்தி
மருத்துவமனைக்குப் போனான் நிபால்தோ.
நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து.
வீட்டுக்கு வந்து
லாரியின் டயர் காற்றைச் சொல்வதுபோல் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமைதான்
பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
பதினோரு வருடம் முன்பக்கம் மட்டுமே தெரிந்தவள்.
பின்பக்கத்தில் எறும்பு வரிசை.
கண்ணாடியை மறந்துவந்ததால்
கைபேசியில் படம் எடுத்து
விரலால் விரித்து விரித்துப் படித்தேன்.
வரிசையில் முதல் மூன்று பேர்தான் வீட்டுக்காரர்கள்,
மற்றவர்கள் வந்துபோகிறவர்கள்.
சர்க்கரை நான்கு பெயர்களில் நின்றது,
ரேஷனுக்கு நான்கு அட்டை வைத்திருப்பவன்போல்.

ஒரு பரிமாறல்: மூன்று பிஸ்கட்.
மூன்றோடு நிறுத்துகிற மனிதரை
எங்கள் தெருவில் எனக்குத் தெரியாது.

கறுப்பே இல்லாத ஒரு பாக்கெட் எடுத்தேன்.
நூறு கிராமுக்கு
சோடியம் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
நானூறைத் தாண்டினால் கறுப்பு.
கேமரா தெரிந்ததும் பிரேக்கை மிதிக்கிற
நிபால்தோவை நினைத்துக்கொண்டேன்.
திரும்ப வைத்துவிட்டேன்,
அதன் இடத்தில் அல்ல, நாய்ச் சோப்புகளுக்கு நடுவில்.

அவரை வாங்கினேன். பூசணி வாங்கினேன்.
அவற்றில் படிக்க ஒன்றுமில்லை,
மண் மட்டும் இருந்தது.

ரொட்டியிலும் எழுத்தில்லை.
முனைக்கடை எலெயுதேரியோவிடம்
உப்பு எவ்வளவு என்று கேட்டேன்.
சம்பளத்தைக் கேட்டதுபோல் பார்த்தார்.
பிறகு மாவு படிந்த கையை விரித்து
"இவ்வளவு" என்றார்.
பெரிய கை.

உப்பிட்டவரை மறப்பதில்லை
என்பது சரிதான்.
பெயர் கேட்டால் சொல்லமுடியாத கம்பெனிகளையெல்லாம்
இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது
என் பக்கத்தில் படுத்திருப்பவனின் இரத்தம்.

இன்று வேலை முடிந்து வந்து
கோட்டைக் கழற்றும்போது அவன் சிரித்தான்.
முழங்கையில் ஒரு எண்கோணம்
என்னோடு பேருந்தில் வந்திருக்கிறது.
உப்பு அதிகம்.
"அதனால்தான் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையா, யாஸ்னா?"

நகத்தால் மெதுவாக உரித்தான்.
எங்கே ஒட்டுவது என்று
அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
மேசைமேல் இருந்த ரொட்டிப் பையைப் பார்த்தான்.
காகிதத்துக்குள் இன்னும் சூடு.

விரல் நுனியில் கறுப்பை வைத்துக்கொண்டு
மறு கையால் பையைத் திறந்தான்.
ஒன்றை எடுத்து,
பல்லால் கடித்துப் பாதியாக்கி,
பெரிய பாதியை
என் பக்கம் தள்ளினான்.