தொடரும்

பஸ்தியாம்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை.
வற்றையும் பெருக்கையும்
அங்குலக் கணக்கில் எழுதுவது.
அதே பேரேட்டின் பின்பக்கத்தில்
முப்பத்தொன்றாம் ஆண்டு
சந்திரனுக்கு ஒரு கப்பல் கட்டினார்.

ஓட்டுவது கன்னியா வெந்நீர்,
ஏழு கிணற்றுக்கும் ஏழு குழாய்.
ஏறுமிடம் நிலாவெளி:
"பேரிலேயே பாதித்தூரம் போயாச்சு"
என்பான் மாலுமி.
பயணிகள் பதினொருவர், ஓர் ஆடு,
அரிக்கன் லாம்பு இரண்டு.

காற்றில்லாத வெளியில் லாம்பு எரியாதே
என்று மூதூரிலிருந்து ஒருவர் கடிதம் போட,
அடுத்த கிழமையே அணைத்துவிட்டார்.
ஆடு எப்படி மூச்சுவிட்டது என்று
எவரும் கேட்கவில்லை.

எட்டாம் அத்தியாயத்தோடு பத்திரிகை நின்றது.
அச்சுக்கூடக் கடன்.

நாற்பத்திரண்டு பங்குனியில்
வானத்திலிருந்து மெய்யாகவே வந்தார்கள்.
எண்ணெய்க் குதம் நாட்கணக்காய் எரிந்தது.
அன்றைய பேரேட்டில் அவர் கையெழுத்து:
"நீர்மட்டம் வழமைபோல்."
பின்பக்கம் வெறுமை.
அதற்குப் பிறகு எல்லாப் பின்பக்கமும்.

சந்திரனில் சுங்கச்சாவடி வைத்த மனுசன்
நிலாவெளி வீதியில்
சோதனைச்சாவடி வருமென்று எழுதவில்லை.
அதில்தான் நின்றேன்,
அடையாள அட்டையை நீட்டி,
பையில் எட்டு அத்தியாயம் போட்டோக்கொப்பி.

என்ன இது என்றான் சிப்பாய்.
தெரிந்த அரைச் சிங்களத்தில் சொன்னேன்,
சந்திரனுக்குப் போகிற கதை.

பட்டப்பகலில் அண்ணாந்து பார்த்தான்.
போய்ச் சேர்ந்தார்களா?

இன்னும் இல்லை.

தாள்களை அடுக்கி,
ஓரம் தட்டிச் சரிபார்த்து,
பைக்குள் அவனே வைத்தான்.