முழந்தாள்

ஆண்டவரே,
மாங்குளம் கோவிலில் முழந்தாள்படியிட்ட நாளெல்லாம்
கேட்கத்தான் தெரிந்தது எனக்கு:
நுண்கடன் கட்ட, தகரம் மாற்ற,
தம்பியின் பெயர் ஏதாவதொரு பட்டியலில் இருக்க.
காணிக்கைத் தட்டுக்கென்று
கிழிந்த இருபது ரூபாயைத் தேடி எடுத்திருக்கிறேன்.

இப்போது அம்பகாமத்தில்
காலை ஆறரைக்கே முழந்தாளில்.
முகமறைப்புக்குள் என் மூச்சே கொதிக்கிறது.
ஒரு சாண் மண்.
பிறகு இன்னொரு சாண்.
காணி என்னுடையதல்ல,
யாரோ பூபாலசிங்கமாம், கச்சான் போடப்போகிறாராம்.

சம்பளத்துக்குத்தான் வந்தேன், பொய் சொல்லேன்.
போன கிழமை
கந்தோரில் கதிரை வேலை தந்தார்கள்.
வேண்டாமென்றுவிட்டேன்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இன்றைக்கு உம்மிடம் கேட்க ஒன்றுமில்லை.
கருவி கீச்சிடுகிறது.
கொஞ்சம் பொறும், ஆண்டவரே,
இதை எடுத்துவிட்டு வருகிறேன்.