உறக்கத்துக்குக் காசில்லை

மாதக் கடைசி. பில் வந்துவிட்டது.
முந்நூற்றுப் பன்னிரண்டு டொலர்.
ரூபாயில் பெருக்கிப் பார்க்கப் போனை எடுத்தேன்,
வைத்துவிட்டேன்.

சம்மாந்துறையில், டயர்க் கடைக்கு மேலே எங்கள் கம்பனி:
நான், தர்ஷிகா, ஒரு மின்விசிறி.
மூன்று வாடிக்கையாளர், மூன்று தரவுத்தளம்.
மூன்றுக்கும் ஒரே அளவு மெஷின்,
மூன்று பிள்ளைக்கும் ஒரே அளவுச் சட்டை மாதிரி.
தைத்தது நான்தான்.

"மறுகா என்ன கா செய்யிற?" என்றாள் தர்ஷிகா.

காரைதீவு டிஸ்பென்சரியில்
காய்ச்சலுக்குப் போகம் கிடையாது.
காலை எட்டு தொடங்கி இரவு பத்துவரை
ஒரே சீராய்த் துண்டு கொடுக்கிறார்கள்.
இதற்கு ஒரு வருடக் குத்தகை.
முன்பணம் கட்டினால் மூன்றில் ஒன்று மிச்சம்.
ஆனால் டாக்டர் ஒரு வருடம் இங்கே இருப்பாரா?
விசாவுக்குப் போட்டுவிட்டதாகக் கதை.
கண்ணை மூடிக்கொண்டு கட்டினேன்.

மாளிகைக்காட்டு மீன் லாம் வேறு மாதிரி.
விடிய நாலு மணிக்கு
அறுக்குளா, சூரை, கீரி என்று
விலை விழுந்து விழுந்து எழும்பும்.
ஏழரைக்குப் பிறகு ஈ மட்டும்.
எழுதுவது ஒரு கிளார்க், கேட்பது நானூறு பேர்.
எழுத ஒரு சின்ன மெஷின்.
கேட்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நகல்,
அந்த மூன்றரை மணித்தியாலத்துக்கு மட்டும்.

இனி இஸ்ஸதீன் ஹாஜியாரின் நெல் ஆலை.
பெரும்போகம் வெட்டினால் இரவு பகலாய் மூட்டை எண்ணும்.
வட்டையில் வெட்டு முடிந்த பிறகும்
வெட்டு மெஷினை ஓடவிட்டு டீசல் ஊற்றுவாரா ஹாஜியார்?
நாங்கள் ஊற்றிக்கொண்டிருந்தோம்.
மாற்றினேன்.
வேலை வந்தால் எழும்பும்,
கால்மணி சும்மா இருந்தால் உறங்கும்.
உறக்கத்துக்குக் காசில்லை,
கிடக்கிற இடத்துக்கு மட்டும் கொஞ்சம்.

அடுத்த பில் பாதியாய் வந்தது.
ஆலை மட்டும் உறங்கவில்லை.
ஜூன் மாதம். கேட்டில் பூட்டு. உள்ளே எலிகள்.
பதிவைத் திறந்தால்
ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
கள்ளன்தான் என்று
தர்ஷிகா பாஸ்வேர்டை மாற்றினாள்.

ஐந்தாம் நிமிடம்
என் போன் அலறியது:
ஆலை பதில் சொல்லவில்லை.

கள்ளன் நான்தான்.
முதல் வருடம், பயத்தில்,
எழுதி மறந்துபோன நாலு வரி.
உயிரோடு இருக்கிறாயா?
இருக்கிறேன்.
உயிரோடு இருக்கிறாயா?
இருக்கிறேன்.
இந்தக் கதைக்கு மாதம் நாற்பத்தொரு டொலர்.

அழித்தேன்.
கால்மணி கழித்துத் திரையில்
பச்சைப் புள்ளி சாம்பலானது.
தர்ஷிகா பிளேன்டீ வாங்கிவந்தாள்.

இரவு மூன்று மணிக்கு விழித்து,
போனைக் கையில் எடுத்து,
கேட்கப் போனேன்.

கேட்டால் எழும்பிவிடும்.
வைத்துவிட்டேன்.