எட்டரை மில்லி

விமானத்துக்கென்று செய்த ஃபிலிம், அகலம் எழுபது மில்லி.
என் கேமராவுக்குள் அறுபத்தொன்றரைக்கு மேல் இறங்காது.

கேத்தியில் ஜனவரி இரவு.
குளியலறைக் கதவிடுக்கில் கம்பளி திணித்து
பல்பைக் கழற்றி வைத்தாயிற்று.
இரண்டு பிளேடு பதித்த கட்டைக்குள் நான் நுழைக்க
அந்தப் பக்கம் மாதி இழுக்கிறாள்.
"மெல்ல."
"கை மரத்துப்போச்சு"
வெடுக்கென்று இழுத்தாள்.

சிவப்பும் உறைக்கும் இந்த ஃபிலிமுக்கு;
முதுகுச் சன்னலில் கறுப்பு டேப் ஒட்டி
எண் பார்க்காமல், சுற்றுகளை எண்ணி எண்ணி
உறைபனி வெளுத்த கேரட் வயலை எடுத்தேன்.
துளி மேகமில்லை.

பிரிண்டில்
வயலுக்கு மேல் கிளைகிளையாய் மின்னல்.

வெட்டி விழுந்த எட்டரை மில்லி வாலால்
பட்டாணிக் கொடியைக் கட்டிக்கொண்டே
மாதி சொல்கிறாள்:
"அன்னிக்கு இழுத்தப்போ பொறி பறந்துச்சு.
உன் மூக்கு தெரிஞ்சுது, நீலமா.
சொன்னா கத்துவேன்னு சொல்லல."